அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய காமிக்ஸ்: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள் சுமார் 150 ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பாதி தனி இதழ்கள், மீதி பைண்டிங் செய்தவை. சிலவற்றுக்கு அட்டை இல்லை, சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. பழைய புத்தகக் கடைக்காரர் மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? பைண்டிங்கைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் கூடுதல் விலை வருமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மொத்த விலை பேசும்போது பெட்டியில் உள்ள சாதாரண இதழை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் இப்படிப்பட்ட சேகரிப்புகளில் நாலைந்து இதழ்களே மற்ற எல்லாவற்றின் விலையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அவை எவை என்று தெரிந்த பிறகு விலை பேசுவதே நியாயம். பைண்டிங்கையும் தொடாதீர்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். தலைப்பு, வெளியீட்டு எண், அட்டையில் அச்சான விலை, அட்டை உண்டா, பக்கம் குறைகிறதா என்பவை போதும். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அதன் ஆரம்ப எண்களுக்குத்தான் ஆள் அதிகம், நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். லயன் 1984-ல் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு வந்தது. அதன் முதல் சில ஆண்டுகளின் இதழ்களையும், கோடை மலர், தீபாவளி மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்களையும் தனியாக எடுத்துவையுங்கள். ‘திகில்’, ‘மினி லயன்’ என்ற பெயர்களில் வந்த காமிக்ஸ் இதழ்கள் ஏதாவது கண்ணில் பட்டால் அவையும் அந்த வரிசையில் சேரட்டும். ராணி காமிக்ஸும் 1984-ல் தொடங்கியதுதான். ஜேம்ஸ்பாண்ட் கதைகளால் பேர்பெற்று, 2005 வரை 500 இதழ்கள் வந்தன. ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளில் தொங்கிய இதழ் என்பதால் உதிரியாக நிறையவே கிடைக்கிறது. தொடக்க இதழ்களும், எண் விட்டுப்போகாத நீண்ட வரிசையும் இருந்தால்தான் அதற்கு நல்ல விலை.

வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. லயனின் ‘இரத்தப் படலம்’ கறுப்பு-வெள்ளைத் தொகுப்பு 2010-ல்தான் வந்தது. ஆனாலும் பிரதிகள் குறைவு, தேடியவர்கள் அதிகம் என்பதால் கைமாறும் விலை அட்டை விலையைப் பல மடங்கு தாண்டிப் போனது. அப்பா கடைசிவரை வாங்கியிருந்தால், பெட்டியின் மேலடுக்கில் இருக்கும் புதிய இதழ்களையும் அலட்சியமாக ஒதுக்காதீர்கள்.

அடுத்தது அசலா, மறுபதிப்பா என்ற கேள்வி. மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட் கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலும், அதற்குப் பின் வந்த மறுபதிப்புகளிலும் திரும்ப வந்துவிட்டன. கதையைப் படிக்க விரும்புகிறவர் மறுபதிப்பை வாங்கிக்கொள்வார். உங்களிடம் வருகிறவருக்கு அந்தக் காலத்து அட்டை, விளம்பரம், வாசகர் கடிதம் எல்லாம் சேர்ந்த அந்த இதழேதான் வேண்டும். அதனால் பதிப்பாளர் விவரம், அட்டை விலை, ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் மூன்றையும் பாருங்கள். மாதமும் வருடமும் அச்சாகாத இதழ்களில் அந்த விளம்பரம்தான் நல்ல துப்பு.

நாளைக்கு நீங்களே வாங்கப் போனாலும் உதவும் ஒரு சோதனை உண்டு. நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் கம்பிப் பின்னைப் பாருங்கள். பழைய பின் துருப்பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விட்டிருக்கும். உள்தாள்களில் உள்ள வளையம் அட்டையின் உட்புறத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே துரு, அட்டையில் மட்டும் சுத்தமான துளை என்றால் அந்த அட்டை பிறகு மாட்டப்பட்டது. பூதக்கண்ணாடி இருந்தால் படத்தின் ஓரத்தையும் பாருங்கள். அசல் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரியும். கலர் ஜெராக்ஸில் மைப்பொடி மினுமினுப்பாகப் படிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரியும். அட்டை இல்லாத இதழுக்கு ஜெராக்ஸ் அட்டை போட்டு வைப்பதில் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

இனி பைண்டிங். அந்தக் காலத்தில் பைண்டர்கள் அட்டையைக் கிழித்துவிட்டு, மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டி, முதுகில் பசை பூசித் தைத்துவிடுவார்கள். ஓரம் போனது போனதுதான். பிரித்தால் தையல் துளையோடு, பசை ஒட்டிய, ஓரம் சிறுத்த தாள்கள்தான் மிஞ்சும். பத்து இதழ் ஒரே வால்யூமில் இருந்தால் அதை அப்படியே விலை சொல்லுங்கள். அட்டைகளோடு சேர்த்து பைண்ட் செய்திருந்தால் அதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

காமிக்ஸ் அச்சான நியூஸ்பிரின்ட் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து நொறுங்கும். ஆகவே பூச்சிக்குப் பயந்து மொட்டைமாடி வெயிலில் பரப்பாதீர்கள். நிழலில் விசிறிக் காற்றில் ஒருநாள் ஆறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ராமபாணப் பூச்சி அரித்தவற்றைப் பிரித்துத் தனியாக வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம், தாள்மேல் படவேண்டாம். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுவதும், அட்டையை லேமினேஷன் செய்வதும் இதழைக் கொல்லும் காரியங்கள். டேப்பின் பசை சில வருடத்தில் எண்ணெய்க் கறையாகிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

விலைக்கு வருவோம். 1938-ல் வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2024-ல் அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே இதழைப் பரிசோதித்து, 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித்தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழ் காமிக்ஸுக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. அந்த வெளியீட்டு எண் உள்ள இதழ் யாரிடம் இல்லையோ, அவர் கொடுப்பதுதான் விலை. இணையத்தில் ஒருவர் ‘கேட்கும்’ விலையை நம்பாதீர்கள். வாசகர் குழுக்களில் உண்மையில் விற்ற விலையை விசாரியுங்கள். ஜனவரியில் சென்னை, ஆகஸ்டில் ஈரோடு புத்தகக் காட்சிகளுக்குச் சேகரிப்பாளர்கள் வருவார்கள். பட்டியலோடு போய் இரண்டு மூன்று பேரிடம் பேசினாலே ஒரு நிதானம் கிடைத்துவிடும்.

தபாலில் விற்பதானால் முன்அட்டை, பின்அட்டை, நடுப்பின், இருப்பதிலேயே மோசமான பக்கம் என நான்கு படங்கள் அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கமாக எண்ணி, குறை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தடித்த மலர்களில் கடைசித் தாள்கள்தான் முதலில் காணாமல் போயிருக்கும். தெரியாதவர் என்றால் பணம் வந்தபிறகே பார்சல். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

தேறியவற்றை இப்படி விற்றபிறகு, மிஞ்சும் சாதாரண இதழ்களுக்கு அந்தக் கடைக்காரரையே கூப்பிடலாம். அட்டை போனவற்றையும் அவரே எடுத்துக்கொள்வார். ஆனால் அப்பா பெயர் எழுதிவைத்த இதழ் ஏதாவது இருந்தால் அதை விற்காதீர்கள். வாங்குகிறவர் அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்.