காற்றாலை இருந்தும் சிமெண்டுக்கு ஏன் புகை?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் வீடு தாழையூத்துப் பக்கம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கரியமில வாயுவைக் குறைப்பது சிமெண்ட், இரும்புத் தொழில்களில்தான் ரொம்பக் கடினம் என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது கம்பெனிக்காரர்கள் சொல்லும் சாக்கு போலத் தெரிகிறது. பணகுடி, ராதாபுரம், கயத்தாறு என்று எந்தப் பக்கம் போனாலும் காற்றாலைதான். கூடங்குளத்தில் அணுமின்சாரம் வேறு. இவ்வளவு கரண்டை வைத்துக்கொண்டு ஒரு சிமெண்ட் ஆலையைப் புகையில்லாமல் ஓட்ட முடியாதா?

மு., தாழையூத்து

அன்புள்ள மு.,

சாக்கும் கொஞ்சம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்விக்கு நேர் பதில்: முடியாது. நம் பக்கத்துக் காற்றாலைகள் அத்தனையையும் அந்த ஆலைக்கே திருப்பிவிட்டாலும் பாதிக்கு மேல் கரியமில வாயு வரத்தான் செய்யும். அது கல்லுக்குள் இருக்கிறது.

1940-களில் உங்கள் ஊருக்கு ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது என்பதால்தான். சுத்தமான சுண்ணாம்புக்கல் ஆயிரம் கிலோவைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், மீதி 440 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். நிலக்கரியில் சுட்டாலும் காற்றாலைக் கரண்டில் சுட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அப்புறம் அதைக் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகிற சுட்ட உருண்டை) ஆக்க 1,450 டிகிரி சூடு வேண்டும், அதற்கு எரிக்கும் நிலக்கரி, பெட்கோக் (பெட்ரோலியக் கரி) புகை தனி. ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் வெளியேறுகிறது என்றால் அதில் 500 கிலோவுக்கு மேல் கல்லில் இருந்து வருவது. கரண்ட் செலவு பெரும்பாலும் அரைக்கிற மில்லுக்கும் ஃபேன்களுக்கும்தான், டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ 80 யூனிட். அதைக் காற்றாலை தாராளமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது சாக்கு. "வாயுவைப் பிடிக்கிற தொழில்நுட்பம் மலிவாகட்டும், அதுவரை எங்களால் என்ன செய்ய முடியும்?" என்கிறார்களே, அதுதான். பிடிக்க முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-லேயே நிலக்கரி பாய்லர் புகையில் இருந்து வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு (சோடா ஆஷ்) செய்ய ஆரம்பித்தார்கள், அதுவும் அரசு மானியம் இல்லாமல். ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பத்து லட்சம் டன் கிளிங்கர் தயாரிக்கிற ஆலை ஒன்று எட்டு லட்சம் டன் வாயுவை விடும். அவ்வளவையும் வாங்கிக்கொள்ளச் சோடா உப்புச் சந்தை எங்கே இருக்கிறது? அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் பிடித்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும் என்பது இன்னொரு சங்கடம். நார்வேயில் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025-ல் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னைப் பிடித்துக் கடலடியில் புதைக்கிறார்கள். அந்த ஆலை விடுவதில் அது பாதிதான், செலவில் பெரும்பங்கு அந்நாட்டு அரசுடையது.

அதனால் என் கட்சி வேறு. மூட்டையில் கிளிங்கரைக் குறைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்கும் பிபிசி சிமெண்ட் உங்களுக்குத் தெரியும். இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி இன்று கலப்பு சிமெண்ட்தான். ஆனால் காற்றும் சூரியனும் நிலக்கரியை ஓரங்கட்ட ஓரங்கட்டச் சாம்பலும் குறையும். அந்த இடத்துக்கு வருவதுதான் எல்சி3 என்கிற கலப்பு சிமெண்ட். கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 800 டிகிரி போதும், அதற்குள் கரியமில வாயுவும் இல்லை. எதுவும் கலக்காத சாதாரண சிமெண்டான ஓபிசியைவிட உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு ஐஐடி டெல்லியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து வளர்த்தது. 2023-ல் ஐ.எஸ். 18189 என்று இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. சுண்ணாம்போடு செங்கல் பொடி கலந்த சுர்க்கிதான் முல்லைப் பெரியாறு அணையில் போனது. சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகும் அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. அதற்காக எந்தக் குளத்து மண்ணையும் அள்ளிச் சுட்டுவிட முடியாது. அதில் கயோலினைட் என்கிற களிமண் கனிமம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

உப்புக்காற்றுக்கு இது நன்றாகத் தாங்கும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உவரி, இடிந்தகரைப் பக்கம் வீடுகளில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், உப்பில் இருக்கிற குளோரைடு எல்சி3-க்குள் எளிதில் இறங்காது.

தொல்லை உங்கள் சைட்டில்தான் வரும். கலவை கொஞ்சம் கெட்டியாக நிற்கும், உடனே கொத்தனார் ஒரு வாளித் தண்ணீர் கூட ஊற்றுவார், பலம் போச்சு. நிறம் செம்மை தட்டினால் வீட்டுக்காரர் மண்ணைக் கலந்துவிட்டான் என்பார் (அது உண்மையும்கூட). முதல் இரண்டு மூன்று நாள் பலம் குறைவாக இருக்கும், ஆனால் காண்ட்ராக்டருக்குச் சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க வேண்டும். ஓபிசிக்கு ஏழு நாள் நனைத்தால் போதும், கலப்பு சிமெண்டுக்குப் பத்து நாளாவது வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. கோடையில் பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த எத்தனை பேர் தயார்? "53 கிரேடு கொடுங்க" என்று பலம் கூடிய ஓபிசியையே கேட்டுப் பழகிய கடைத்தெரு இது.

மத்திய அரசு 2023-ல் கார்பன் கிரெடிட் (உமிழ்வைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வணிகத் திட்டத்தை அறிவித்து, 2025 அக்டோபரில் சிமெண்ட் ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கும் வைத்துவிட்டது. ஆலைகளை அது கொஞ்சம் நெருக்கும். என்னைக் கேட்டால் அரசுக் கட்டட டெண்டரில் இந்த சிமெண்டைப் பெயர் சொல்லி எழுதுவது அதைவிட வேகமாக வேலை செய்யும். பள்ளிக்கூடமும் பாலமும் நின்று காட்டினால் வீட்டுக்காரரும் கேட்பார்.

அடுத்த தடவை லோடு இறங்கும்போது மூட்டையில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ். எண்ணைப் பாருங்கள். 1489 பகுதி 1 என்றால் சாம்பல், 455 என்றால் இரும்புக் கசடு, 269 என்றால் ஓபிசி. 18189 கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள், கொத்தனார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.