வாகனம் கேள்வி–பதில்: பெட்ரோல் டேங்க் மூடி

கேள்வி: ஐயா, எங்கள் காருக்கு 12 வயது. முழு டேங்க் போட்டு வந்து நிறுத்தினால் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. மூடியைத் திருகும்போது முன்பு வரும் 'டிக்' சத்தமும் இப்போது இல்லை. மூடியை வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தாராளமாக மாற்றலாம் அம்மா, பத்து நிமிட வேலை. ஆனால் வாடை மூடியிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வண்டிக்கு அடியில் டேங்க் பக்கம் ஈரம் தெரிந்தால், டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டியது. ஈரம் இருக்கும்போது வண்டியை எடுக்கவே கூடாது.

ஈரம் இல்லையா, மூடியைக் கழற்றி உள்பக்க ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி உடனே எழும். கல்லாக இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ ஆவி கசியும். 'டிக்' சத்தம் நின்றதற்குக் காரணம் மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்தது. போதிய இறுக்கம் வந்ததும் அந்தப் பற்கள் வழுக்கித்தான் சத்தம் தரும். தேய்ந்த பிறகு நீங்கள் எவ்வளவு திருகினாலும் ரப்பர் சரியாக அமுங்காது. எனவே உங்களுக்கு ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு மூடியே வேண்டும்.

கடைக்குக் காரிலேயே போங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கில் உள்ள சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய மூடியையும் புதியதையும் அருகருகே வைத்துக் கழுத்தின் உயரம், மரை, ரப்பரின் அகலம் மூன்றும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று தரும் மூடியை நிரந்தரமாகப் போட நான் சொல்லமாட்டேன்.

கராஜுக்குள் வைத்து மாற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டும். பிராய் (இறைச்சி சுடும்) அடுப்போ சாமி விளக்கோ எரியாத திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். காரின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு மூடியை மெல்லத் திறக்க வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் பட்டையின் மறுமுனை பெரும்பாலும் மூடியை மறைக்கும் சின்னக் கதவின் துளையில் செருகியிருக்கும். அதை மரக்கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்கலாம். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் பெயின்ட் கீறும், டர்பன் கடல் காற்றில் அந்தக் கீறல் சீக்கிரம் துருவாகிவிடும்.

டேங்க் வாயின் விளிம்பை நூல் பிரியாத துணியால் வெளிப்பக்கமாகத் துடையுங்கள். துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பொடி உள்ளே விழுந்து பம்பின் வடிகட்டியை அடைக்கும். புதிய பட்டையைச் செருகி, அது ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவில் சிக்காமல் ஒதுக்கிவிட்டு, 'டிக்' வரும்வரை திருகுங்கள். எத்தனை 'டிக்' என்று மூடியிலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ரப்பருக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. பெட்ரோல் போடுபவர், பம்ப் தானாக நின்ற பிறகும் முழு ரேண்ட் கணக்குக்காகக் கொஞ்சம் ஏற்றுவார். முதல் நிறுத்தத்தோடு போதும் என்று சொல்லிவிடுங்கள். மிஞ்சிய பெட்ரோல், ஆவி பிடிக்கும் கரி டப்பாவுக்குள் போனால் டப்பா கெட்டுவிடும். பிறகு மூடி புதிதாக இருந்தாலும் வாடை வரும்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இறங்கி வந்து மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை இழுக்கிறது. போன பயணத்தில் எஞ்சினும் தடுமாறியது. நிறுத்தி மூடியைத் திறந்து மூடியதும் சரியாக ஓடியது. டேங்கில் கோளாறா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி, காற்று உள்ளே போகும் வழி அடைத்திருப்பதைக் காட்டுகிறது. ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. மேலே மூடிய டேங்க் அந்த மெல்லிய காற்றோடு கீழே வருகிறது, பம்பும் ஓயாமல் பெட்ரோலை உறிஞ்சுகிறது. மூடிக்குள் இருக்கும் சிறு வால்வு திறந்து காற்றை விட்டால்தான் அழுத்தம் சமமாகும். தூசியில் அது ஒட்டிக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் கூடி, பம்ப் திணறும். லேசான 'புஸ்' சாதாரணம், எஞ்சின் தடுமாறுவது சாதாரணமில்லை. மூடியை மாற்றுங்கள். புதிய மூடியோடும் தடுமாறினால் கரி டப்பாவின் காற்றுக் குழாயில் சேறோ பூச்சிக் கூடோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூடியில் துளை போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் அந்தத் துளை வழியே பெட்ரோல் கொட்டும்.

கேள்வி: எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0457 வந்தது. புதிய மூடி போட்டும் விளக்கு அணையவில்லையே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த எண்ணுக்கு மூடி தளர்ந்திருக்கிறது அல்லது இல்லை என்று பொருள். கம்ப்யூட்டர் உடனே மறுபடி சோதிக்காது. டேங்க் பாதியளவில் இருக்க, காலையில் ஆறிய எஞ்சினோடு சில நாள் ஓட்டினால் தானாக அணையும். ஒரு வாரம் ஓட்டியும் எரிந்தால், அல்லது பி0455 என்ற பெரிய கசிவு எண் வந்தால், குழாய்களைப் புகை விட்டுச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் போட்ட இடத்தில் எங்கள் பக்கியின் (சிறு சரக்கு வண்டியின்) மூடியைக் கூரைமேல் வைத்து மறந்துவிட்டார்கள், வழியில் விழுந்துவிட்டது. இப்போது துணி அடைத்து ஓட்டுகிறேன். பழைய சாமான் கடையில் டீசல் வண்டி மூடி இருக்கிறது, போடலாமா?
– வாசகர், இசிபிங்கோ

பதில்: முதலில் அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். துணி பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொண்டுவரும் திரி. மழை பெய்தால் அதே வழியில் தண்ணீரும் டேங்கில் இறங்கும். உதிரிபாகக் கடையில் கிடைக்கும் தற்காலிக மூடியை இன்றே வாங்கிப் போட்டு, சரியான மூடிக்குச் சொல்லி வையுங்கள். டீசல் மூடி வேண்டாம். பெட்ரோல் அளவுக்கு டீசல் ஆவியாகாது, அதனால் அந்த மூடியின் வால்வும் வேறு அழுத்தத்துக்குச் செய்தது. மரை பொருந்தினாலும் வேலை பொருந்தாது.