சுடுவதற்கு முதல் கத்துங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு 34 வயது, ஊர் கொக்குவில். பள்ளிக்கூட நாட்களில் ரியூசன் முடிந்ததும் நெற்கபேக்கு ஓடிப்போய், மணித்தியாலக் காசு கொடுத்து ஐ.ஜி.ஐ. விளையாடி வளர்ந்தவன். இப்போது பிள்ளை நித்திரையான பிறகு இரவில் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. திரும்ப ஒரு துவக்கு கேம் விளையாட ஆசை. கையில் இருப்பதோ பழைய லப்டொப், 4 ஜிபி ரம், தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை. இன்னொரு சிக்கல், பக்கத்து அறையில் அம்மா. வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்பிவிடுவா. பழைய கேம்களில் எதைத் தேடிப் பிடிக்கலாம்? ஐ.ஜி.ஐ.யையே திரும்ப விளையாடவா?

பதில்: தம்பி, ஐ.ஜி.ஐ.யை விடுங்கள். 2000-இல் நோர்வேக்காரர் செய்த கேம் அது. பின்னால் நாலு பெடியள் நின்று "இடப்பக்கம் பார், இடப்பக்கம்" என்று கத்தக் கத்த விளையாடியதால்தான் எங்களுக்கு அது அவ்வளவு பெரிய கேம். இரண்டு வருடத்துக்கு முன் நானும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சைரன் அடித்ததும் காவலாளிகள் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் மூடிவிட்டேன். அது நினைவில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்வாட் 4. வந்தது 2005 ஏப்ரலில். செய்தது இர்ரேஷனல் கேம்ஸ், இரண்டு வருடம் கழித்து பயோஷாக் என்ற கேமைச் செய்து உலகம் முழுக்கப் பெயர் எடுத்த அதே ஆட்கள். அந்தப் பெயருக்கடியில் இது அமுங்கிப்போனது. ஸ்வாட் 4-க்கு முந்தைய வருடம்தான் ஹாஃப்-லைஃப் 2, டூம் 3 என்ற பெரிய துவக்கு கேம்கள் இரண்டும் வந்திருந்தன. 2005 கடைசியில் கால் ஆஃப் டியூட்டி 2 வந்து மிச்ச ஆட்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கதை வேறு. 2002-இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து வந்த சீடிகளில்தான் நான் எல்லாக் கேமும் விளையாடினேன். 2006 ஆகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்தச் சீடி என் கண்ணில் படவில்லை. பிறகு கேமைப் பற்றி யார் யோசித்தது? இணையத்தில் கேம் விற்கும் ஜி.ஓ.ஜி. தளம் 2017-இல் இதை விற்கத் தொடங்கிய பிறகுதான் விளையாடிப் பார்த்தேன்.

சரி, என்ன விசேஷம்? நீங்கள் அமெரிக்கப் பொலிஸின் அதிரடிப் பிரிவில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். கையில் துவக்கு இருக்கிறது, ஆனால் கண்டவுடன் சுட முடியாது. முதலில் கத்த வேண்டும். அதற்கென்றே ஒரு பட்டன். "பொலிஸ், ஆயுதத்தைப் போடு!" என்றதும் எதிரே நிற்பவன் ஒரு கணம் யோசிப்பான். போடுவானா, ஓடுவானா, துவக்கைத் தூக்குவானா? அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்தக் கேமை விளையாட வேண்டும். அவன் துவக்கை உங்கள் பக்கமோ வேறொருவர் பக்கமோ திருப்புமுன் நீங்கள் சுட்டால் புள்ளி கழிப்பார்கள். முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுட்டாலும் அப்படித்தான். உயிரோடு பிடித்தால் கொன்றதைவிடப் புள்ளி கூட. மிகக் கடினமான நிலையில் நூற்றுக்கு 95 எடுக்காவிட்டால் அந்த மிஷன் தேறாது. எங்கள் ஸ்கொலர்ஷிப் சோதனை பரவாயில்லை.

இதனால் விளையாட்டே கதவுகளைப் பற்றியதாகிவிடுகிறது. கதவுக்கடியால் நெளிந்த குச்சிக் கமராவை விட்டு உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். பின்னால் யாரும் வராமல் இன்னொரு கதவுக்கு ஆப்புச் செருகலாம். மிளகாய்த் தெளிப்பு, கண்ணீர்ப்புகை, உயிர் போகாமல் அடித்து விழுத்தும் தோட்டா என்று சாமான்கள் நிறைய. ஒவ்வொரு முறையும் ஆட்கள் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள், மனப்பாடம் உதவாது. மிஷன் நடுவில் சேவ் பண்ணவும் முடியாது. ஐ.ஜி.ஐ. ஆளுக்கு அது புதிதல்ல!

இரண்டாவது மிஷன் ஃபேர்ஃபாக்ஸ் என்பவனின் வீடு. தொடர் கொலைச் சந்தேகநபர், தாயோடு இருக்கிறான். மேலே பழைய சாமான் குவிந்த வீடு. கீழே நிலவறைக்கு இறங்கினால் சுவரில் மனித முகத்தில் வைத்து வார்த்த முகமூடிகள். என்னை நிறுத்தியது நிலவறை அல்ல, அந்தத் தாய். பொதுமக்கள் என்றாலும் கையைக் கட்டி, ரேடியோவில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. மனிசி ஏசிக்கொண்டே இருக்க, நான் பிளாஸ்ரிக் நாடாவை இழுத்து இறுக்கினேன். அதோடு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் நாங்கள் கதவுக்கு உள்ளே இருந்த ஆட்கள், தம்பி. வெளியே நிற்கிறவனின் கையில் இருந்து இதைப் பார்ப்பது சும்மா பொழுதுபோக்காக இருக்காது. உங்களுக்கும் அப்படி இருந்தால் அந்த மிஷனோடு விட்டுவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை. எனக்கென்னவோ, மற்றத் துவக்கு கேம்களில் வராத கூச்சம் இதில் வந்ததே இதன் தரத்துக்குச் சாட்சியாகப் பட்டது. மற்றதுகளில் நூறு பேரைச் சுட்டுவிட்டுச் சோறு தின்னப் போயிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. கூட வரும் நாலு பேர் சிலவேளை வாசலில் நெரிபட்டுக்கொண்டு நிற்பார்கள். 13 மிஷன்களுக்கும் சேர்த்து ஒரு கதை என்று எதுவும் இல்லை.

லப்டொப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். 256 எம்பி ரம் இருந்த காலத்துக் கொம்பியூட்டருக்குச் செய்த கேம். ஜி.ஓ.ஜி.யில் விலை 10 டொலர் அளவில், தள்ளுபடிக் காலத்தில் இன்னும் குறையும். 2006-இல் வந்த கூடுதல் பகுதியும் அதிலேயே சேர்த்து வருகிறது. மச்சான்மார் யாராவது லப்டொப்போடு வந்தால், ஒரே வைஃபையில் சேர்ந்தும் விளையாடலாம். தனியாக விளையாடுவதைவிட அது பத்து மடங்கு நல்லது, ஆளுக்காள் சுட்டுவிட்டுச் சண்டை பிடிப்பது உட்பட.

அம்மாவின் விஷயத்தில் ஹெட்செற் கட்டாயம், காதை முழுக்க மூடுகிற வகையாக வாங்குங்கள். இந்தக் கேமில் வெடியைவிடக் கத்தல்தான் கூட. ஆனால் நீங்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினால் நான் பொறுப்பில்லை.