மகனின் கொப்பியில் இருந்த கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை அட்டனில் ஒரு குடும்பம், மகனை என்ன படிக்க வைப்பது என்று கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தை உலர்த்தும் ட்ரையர் பக்கம் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவர். மகனுக்கு உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் ‘சி’ (திறமைச் சித்தி), மற்ற இரண்டும் ‘எஸ்’ (சாதாரண சித்தி). பையன் எந்நேரமும் லேசர் துப்பாக்கி படம்தான் கீறுகிறானாம். அப்படியென்றால் தனியார் நிறுவனமொன்றில் வெளிநாட்டுப் பட்டத்துக்கு விமானப் பொறியியல் படிக்க வையுங்கள் என்று கொழும்பு மாமா சொல்லிவிட்டார்.

ஆறுதலாகப் பேசத்தான் ஆரம்பித்தேன். அப்பா கட்டணத் தாளை நீட்டினார். முதல் வருடத்துக்கு அம்மாவுக்கு வரப்போகும் சேமலாப நிதி, மிச்சத்துக்கு நகை அடகு. அதோடு ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணே, அந்தப் பணத்தில் கைவைக்காதீர்கள். பட்டம் கிடைத்தாலும் அமெரிக்காவில் இந்த லேசர் ஆயுத வேலைக்குப் பெரும்பாலும் அந்த நாட்டுக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் கேட்பார்கள். மாமா அதை விசாரித்தாரா?

பையனின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தோளில் தூக்கும் துப்பாக்கி, முதுகில் பெட்டரி. மூன்று மின்விசிறி கீறி, மூன்றையும் வெட்டியிருக்கிறான். ஓரத்தில் பென்சிலால் “சூடு எங்கே போகும்?” என்று எழுதியிருக்கிறான். அந்த ஆயுதத்தைக் கையில் தூக்க முடியாமல் செய்யும் பெரிய சிக்கல்களில் ஒன்று அதுதான்.

லேசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாக வருகிறது என்று வையுங்கள். 10 கிலோவாட் கதிர் வேண்டுமென்றால் 20 கிலோவாட் சூடாகி உள்ளேயே நிற்கும். பத்தே செக்கனில் அந்தச் சூடு ஒரு லீட்டர் தண்ணீரை 48 பாகை ஏற்றிவிடும். அந்தத் தண்ணீரை முதுகில் சுமந்து இருபது செக்கன் சுட்டால், முதுகிலேயே அது கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் 94 பாகையே போதும். 2014இல் அமெரிக்கக் கடற்படை பொன்ஸ் கப்பலில் வைத்தது 30 கிலோவாட் வகை லேசர். அதைச் சுமக்க ஒரு கப்பல் இருந்தது. (மூடுபனியில் கதிர் சிதறும் என்பதால் நம் ஊரில் பாதி நாள் அதற்கு லீவுதான்.)

ஆகவே பையனை இழுப்பது ஆயுதம் இல்லை, சூட்டை வெளியேற்றும் வேலை. அதற்கு இங்கேயே படிப்பு இருக்கிறது: குளிரூட்டலும் வளிச்சீராக்கலும். ‘ஏசி பாஸ்’ வேலை என்று மாமா சிரிப்பார், சிரிக்கட்டும்.

செப்புக் குழாயை வெள்ளி கலந்த கம்பியால் ஒட்டப் பழக வேண்டும். நைதரசன் ஏற்றி ஒழுக்குப் பார்க்க வேண்டும். வெக்குயூம் பம்ப் போட்டு ஈரத்தை இழுத்த பிறகுதான் வாயு அடிக்கலாம். அவசரப்பட்டால் கொம்பிரசர் போய்விடும். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தே நோய் எங்கே என்று சொல்லுமளவுக்குக் கை பழக வேண்டும். புவியைச் சூடாக்கும் குளிரூட்டி வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்த 2016 கிகாலி உடன்பாட்டுக்குப் பின் வாயுக்களே மாறிவருகின்றன, பழைய ஆட்களும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இரும்பு வெட்டும் லேசர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைக் குளிர்விக்கும் சில்லர் பெட்டியிலும் இதே குளிரூட்டும் சுற்றுத்தான் ஓடுகிறது. பையன் கேட்ட கேள்விக்கு அந்தப் பெட்டிக்குள் பதில் இருக்கிறது.

தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் இந்தப் பாடநெறி எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையான ‘நைட்டா’வில் பயிலுநராகச் சேரவும் வழி உண்டு. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்தால் 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம், இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விக்கான ‘யுனிவொடெக்’ பல்கலைக்கழகம் வரை போகலாம். வேறு எங்கே சேர்ப்பதானாலும், அந்த நிறுவனம் மூன்றாம்நிலைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. ட்ரையரில் சூடான காற்றை எப்படி அளவாக விடுகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, இவன் கொப்பியை என் கையிலிருந்து வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டான். அண்ணே, ஃபெக்டரியில் அனுமதி வாங்கி ஒருநாள் அவனை ட்ரையர் பக்கம் கூட்டிப்போங்கள். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள், கொப்பியோடு. மாமா வேண்டாம்.