வாடிக்கையாளரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: முதுகுப்பைகள் தயாரித்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். ‘அடுத்து எந்த மாதிரிப் பையைக் கொண்டுவரலாம்?’ என்று எங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் கேட்டிருந்தோம். பதில்கள் குவிந்தன. ஆனால் ‘விலையைக் குறையுங்கள்’, ‘இன்னும் பல நிறங்களில் வேண்டும்’ என்பவற்றைத் தாண்டி எதுவும் தேறவில்லை. வாடிக்கையாளரையும் சேர்த்துக்கொண்டு புதிய பொருளை உருவாக்குவது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் கைகூடுமா?

பதில்: நிறுவனத்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இல்லாத பையைக் கற்பனை செய்து சொல்வது வாடிக்கையாளருக்குப் பழக்கமான வேலையல்ல. இருக்கும் பையோடு அவர் அன்றாடம் படும் பாட்டையோ அவரைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, ‘எங்கள் பையில் நீங்களாகவே ஏதேனும் மாற்றம் செய்துகொண்டிருக்கிறீர்களா? படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஜிப்பின் இழுப்பானில் சிறு கயிற்றைக் கட்டியிருக்கலாம்; மற்றொருவர் தோள்பட்டையின் உட்புறத்தில் பழைய துணியை மடித்துத் தைத்திருக்கலாம். இழுப்பான் விரலுக்குப் பிடிபடாத அளவுக்குச் சிறியது என்பதையும், பட்டை தோளை அறுக்கிறது என்பதையும் அந்தக் கயிறும் துணியும் சொல்லிவிடும். நூறு ‘நன்றாக இருக்கிறது’களில் அந்தச் செய்தி கிடைக்காது.

பொதுச் சந்தையில் பின்னர் பரவப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்ந்து, தீர்வையும் தாமே தேடிக்கொள்ளும் இத்தகையோரை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் ‘முன்னோடிப் பயனர்’ என்று பெயரிட்டு 1986-இல் எழுதினார். சமூக ஊடகமே இதற்குச் சான்று. ட்விட்டரில் ஒரே தலைப்பிலான பதிவுகளைத் திரட்ட ‘#’ குறியைப் பயன்படுத்தலாம் என்று 2007 ஆகஸ்டில் முன்மொழிந்த கிறிஸ் மெசினா அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர், பயனர். அவ்வழக்கம் பயனர்களிடையே வேரூன்றிய பிறகே, 2009-இல், நிறுவனம் அக்குறியைச் சொடுக்கத்தக்க இணைப்பாக மாற்றியது. உங்கள் வாடிக்கையாளர்களிலும் அப்படிச் சிலர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேரைத் தனிக் குழுவில் சேர்த்து, முழுமை பெறாத மாதிரியையே கையில் கொடுங்கள். முடிந்துபோன பையைக் காட்டி ‘எப்படி?’ என்று கேட்டால் பாராட்டு மட்டுமே வரும். அது கூட்டு முயற்சி ஆகாது.

கேள்வி: வடிவமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டால், வென்றதைத் தயாரித்தே தீர வேண்டுமா? யோசனை தந்தவருக்கு என்ன தருவது?

பதில்: இரண்டையும் அழைப்பு விடுக்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் 2016-இல் தன் புதிய ஆய்வுக் கப்பலுக்கு இணையத்தில் பெயர் கேட்டது. முதலிடம் பெற்ற ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ (Boaty McBoatface) என்ற, படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து வேடிக்கையாகப் புனைந்த பெயரைச் சிறிய நீர்மூழ்கிக் கலம் ஒன்றுக்கு வைத்துவிட்டு, கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டியதால் வாக்களித்த பலர் மனம் கசந்தனர். இறுதி முடிவு யாருடையது என்பதை மக்கள் மனத்தில் முதலிலேயே பதியவைத்திருந்தால் அந்தக் கசப்புக்கு இடமிருந்திருக்காது. பொம்மைக் கட்டைகள் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தின் ‘லெகோ ஐடியாஸ்’ தளத்தில் ஒரு வடிவமைப்பு 10,000 பேரின் ஆதரவைப் பெற்றால் நிறுவனத்தின் பரிசீலனைக்குத்தான் போகும், தயாரிப்பு உறுதியில்லை. தேர்வாகி விற்பனைக்கு வந்தால், உருவாக்கியவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம் கிடைக்கும். இந்த வெளிப்படைத்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பங்குத்தொகை தர இயலாத நிலையில், பையின் உட்புறச் சீட்டில் அவருடைய ஒப்புதலோடு பெயரை அச்சிடலாம். முதல் பையை அவருக்கே அனுப்பலாம். வடிவமைப்பின் உரிமை யாரைச் சேரும் என்பதை மட்டும் வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். ஏற்க முடியாத யோசனைகளுக்கும் ‘இந்தத் துணி இந்தத் தையலைத் தாங்காது’ என்பது போல, காரணத்தோடு இரண்டு வரி பதில் எழுதுங்கள். அந்த இரண்டு வரி கிடைத்தவர்தான் அடுத்த அழைப்புக்கும் வருவார்.