சரண்டர் பெரியப்பா

அன்புள்ள டீச்சர்,
எங்கள் டவுனில் மளிகைக் கடை நடத்தும் இந்தோனேசியாவின் ஆச்சேக்காரர் ஒருவர், அங்கே தனிநாடு கேட்டு ஆயுதம் தூக்கிய 'காம்' விடுதலை இயக்கத்தில் இருந்து சிறைக்குப் போனதாகவும், 2005-இல் பொது மன்னிப்பில் வெளியே வந்ததாகவும் சொன்னார். ஆயுதம் தூக்கியவர்களை ஒரே கையெழுத்தில் மன்னித்துவிடலாமா? செத்தவர்கள் வீட்டில் யாராவது கேட்டார்களா? இதெல்லாம் நமக்கெதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புத் தம்பி,

நண்பர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்த் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான். அந்த ஊரில் இருந்துகொண்டு 'நமக்கெதற்கு' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

செத்தவர்கள் வீட்டைப் பற்றிய கேள்வி நியாயமானது. இந்தோனேசிய அரசும் காமும் 2005-இல் போட்ட ஹெல்சிங்கி ஒப்பந்தத்திலேயே உண்மை, நல்லிணக்க ஆணையம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆச்சேயில் அதன் ஆணையர்கள் பதவியேற்க 2016 ஆயிற்று. அது கொடுமை.

ஆனால் 'மன்னிப்பு' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம். யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள். 2005 ஆகஸ்ட் 15 அன்று போட்ட அந்த ஹெல்சிங்கி ஒப்பந்தம், பதினைந்து நாளுக்குள் தரச் சொன்னது 'அம்னெஸ்தி'. இந்தோனேசியச் சட்டத்தில் அது வேறு, 'கிராசி' வேறு. கிராசி, தண்டனை பெற்றவர் மனுப்போட்டுக் கேட்பது. அம்னெஸ்தி, நாடாளுமன்றத்தின் கருத்தைக் கேட்டு அதிபர் தருவது. யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேர் மறதி. நாமோ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு 'மன்னிப்பு' என்று கட்டிவிட்டோம். மன்னிப்பு என்றால் ஒருவன் குனிய வேண்டும், இன்னொருவன் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1955 டிசம்பரில் கெடாவின் பாலிங்கில், அப்போது மலாயாவின் முதலமைச்சராக இருந்த துங்குவும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் இரண்டு நாள் பேசினார்கள். கட்சிக்கு அங்கீகாரம் கேட்டதும் ஒரு சிக்கல்தான். ஆனால் சரணடைய மாட்டோம் என்று சின் பெங் சொன்ன இடத்தில் பேச்சு முறிந்தது. 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹட்யாயில் அந்தக் கட்சியோடு போட்ட சமாதான ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இல்லை. துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள். நடுவில் முப்பத்து நான்கு வருஷம், தம்பி!

என் பெரியப்பா 1955 செப்டம்பரில் துங்கு அறிவித்த அந்த 'மன்னிப்பில்' காட்டில் போராளியாக இருந்துவிட்டு வெளியே வந்தவர். விமானத்திலிருந்து போட்ட துண்டுச்சீட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாராம். வழக்கு இல்லை. விசாரித்து அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் பால்மரம் வெட்டினார். ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவருக்குப் பெயர் 'சரண்டர்', சரணடைந்தவன். தபால்காரர் 'சரண்டர் வீடு எது' என்றுதான் கேட்பார். பெரியம்மா கடைக்குப் போனால் 'சரண்டர் பொண்டாட்டி'. காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடும்போது மட்டும் அவருடைய அப்பா வைத்த பெயர் காதில் விழும். அதற்காகவே காய்ச்சலிலும் பெரட்டுக்குப் போவார் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

எட்டு வயதில் நானும் அவரை 'சரண்டர் பெரியப்பா' என்று கூப்பிட்டேன். பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், "என்னம்மா?" என்றார். தலை நிமிரவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் கடைக்காரர் எந்த இயக்கம், எந்த வருஷம் வெளியே வந்தார், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெயர் எழுதவில்லை. நாளைக்குக் கடைக்குப் போகும்போது கேளுங்கள்.

அன்புடன்,
டீச்சர்