பட்டறைப் பக்கம்: இறுகிப்போன நட்டுக்கு எந்த எண்ணெய்?

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பட்டர்வொர்த்தில் பட்டறை நடத்தும் நம் மெக்கானிக் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1989 புரோட்டோன் சாகா இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) கேஸ்கெட்டில் புகை கசிகிறது. மாற்றலாம் என்று பார்த்தால் நட்டுகள் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கின்றன. டபிள்யூ.டி.40 ஸ்பிரே எண்ணெய் அடித்தும் பலனில்லை. வேறு எதை வாங்கலாம்? (வாசகர், தெலுக் கும்பார்)

பதில்: தம்பி, டப்பாவை மாற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அடித்துவிட்டு எவ்வளவு நேரம் விட்டீர்கள்? என் பட்டறைக்கு வருகிறவர்களைக் கேட்டால், ஒரு தே தாரிக் குடிக்கிற நேரம் என்பார்கள். கடலோரத்தில் நிற்கிற காருக்கு அது எந்த மூலைக்கு?

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரைகளுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளியை அடைத்து நட்டைக் கவ்விக்கொள்ளும். எண்ணெய் அந்தத் துருவைக் கரைப்பதில்லை. கரைக்க அமிலம் வேண்டும். துருவில் உள்ள நுண்ணிய வெடிப்புகள் வழியாக உள்ளே ஊர்ந்து போய் வழுக்கலைக் கொடுப்பதுதான் எண்ணெயின் வேலை. ஆகவே மெலிதாக இருக்க வேண்டும், உள்ளே போன பிறகு காய்ந்துவிடாமல் தங்கவும் வேண்டும்.

நீங்கள் அடித்த சரக்கை மட்டம் என்று சொல்ல மாட்டேன். 1953இல் சான் டியாகோவில் அதை உருவாக்கியது, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்க. கதவுக் கீலுக்கும் லேசான துருவுக்கும் அது போதும். முப்பது வருஷத்துக்கும் மேல் வெந்து வெந்து ஆறிய மேனிஃபோல்டு நட்டுக்குப் போதாது. அதே கம்பெனி ஸ்பெஷலிஸ்ட் வரிசையில் பெனிட்ரன்ட் என்று தனியாக விற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வூர்த் கம்பெனியின் ரோஸ்ட் ஆஃப் கிடைத்தாலும் சரி. அமெரிக்கர்கள் வீடியோவில் புகழ்கிற பிபி பிளாஸ்டரையும் குரோயிலையும் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். என் அனுபவத்தில் ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ராத்திரி முழுக்க ஊறிய நட்டுக்கும் ஊறாத நட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையை முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அப்புறம் வெளியிலிருக்கிற துருவின் மேல் நட்டை இழுத்து, அங்கே மறுபடி சிக்க வைக்கிறார்கள். சாயங்காலம் காரை ஓட்டி வந்து, மேனிஃபோல்டில் கை வைக்கலாம் என்கிற அளவுக்கு ஆறியதும் எண்ணெய் விடுங்கள். மிச்சச் சூடு தணியத் தணிய எண்ணெய் உள்ளே இழுபடும். கொதிக்கிற மேனிஃபோல்டில் அடித்தால் தீப்பிடிக்கும், அந்த விளையாட்டு வேண்டாம். நட்டின் வெளி முனையில் மட்டும் அடிக்காமல், மேனிஃபோல்டை ஒட்டியிருக்கிற பின்பக்கத்திலும் மேலிருந்து வழிகிற மாதிரி விடுங்கள். சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் நாலு தட்டு. காலையில் எண்ணெயும் தட்டும் இன்னொரு முறை.

கழற்றும்போது ஆறு மூலை சாக்கெட்தான் போட வேண்டும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானர், அரித்துப்போன நட்டின் மூலைகளை மழித்துவிடும். எடுத்தவுடன் இடது பக்கம் இழுக்காதீர்கள். முதலில் வலது பக்கம், அதாவது இறுக்குகிற பக்கம், மெல்ல ஒரு அழுத்தம். துருவின் பிடி உடைகிற சின்னச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய். ஸ்டட்டும் (நட்டு மாட்டியிருக்கிற மரைக் கம்பி) நட்டோடு சேர்ந்து கழன்று வந்தால் கவலை வேண்டாம், இரண்டையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பானர் நகர்கிறது, ஆனால் கையில் ரப்பர் மாதிரி முறுக்கித் திரும்புகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். சுற்றுவது நட்டு அல்ல, ஸ்டட்டு முறுகுகிறது. உங்கள் சாகாவின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதற்குள் இரும்பு ஸ்டட்டு முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஹெட் போச்சு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் எண்ணெயை மறந்துவிட்டு ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் நட்டைச் சூடாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நட்டைப் பிளந்தே எடுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் இருக்கிற இடத்தில் நீங்களே கேஸ் டார்ச் பிடிக்க வேண்டாம். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் நெருப்புக் காட்டினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

கேள்வி: அசிட்டோனையும் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற ஏ.டி.எஃப். எண்ணெயையும் சரிபாதி கலந்தால் கடையில் விற்கிற எதையும்விட நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: வேலை செய்யும், பொய்யில்லை. அசிட்டோன் தண்ணீரைவிட மெலிது, சந்துக்குள் புகுந்து எண்ணெயையும் கூட்டிப்போகும். ஆனால் இரண்டும் ஒட்டி நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும், சில பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் வெயிலில், கதவு மூடிய போர்ச்சில், பக்கத்தில் ஒருவர் சிகரெட்டோடு! நான் பட்டறையில் அதைக் கலந்து வைப்பதில்லை. காரிலிருந்து கழற்றி வைத்த சாமானாக இருந்தால் மைலோ டின்னில் டீசல் ஊற்றி ராத்திரி போட்டு வைப்பேன், அது மலிவு.

கேள்வி: அப்பா விட்டுப்போன டாட்சன் 120ஒய் காரில் முன்பக்க பிரேக்கின் பிளீடர் நிப்பிள் (பிரேக்கில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) இறுகிவிட்டது. அதே எண்ணெய் அடிக்கலாமா? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: அடிக்கலாம் தங்கச்சி, ஆனால் ஸ்பிரே செய்யாதீர்கள். சின்னக் குழாய் வைத்து நிப்பிளின் அடிமரையில் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுனியிலிருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றாமல் விடுங்கள். உள்ளே இருக்கிற சீல்கள் பிரேக் திரவத்துக்கென்று செய்த ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி விழுந்தாலும் பிரேக் பிடிக்காது. நிப்பிள் உள்ளே ஓட்டையானது, சுலபமாக முறியும். இரண்டு மூன்று நாள் ஊறவிட்டும் அசையவில்லை என்றால் கேலிப்பரையே (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) மாற்றுவது நல்லது. பிரேக் பைப் நட்டைக் கழற்ற, பைப்பைச் சுற்றிப் பிடிக்கிற ஃபிளேர் நட் ஸ்பானர்தான் போட வேண்டும்.

கேள்வி: வீல் நட்டு இனிமேல் இறுகாமல் இருக்கத் தாமிர கிரீஸ் தடவலாமா? (வாசகர், பத்து ஃபிரிங்கி)

பதில்: ஸ்டட்டின் மரையிலும் நட்டின் சாய்ந்த முகத்திலும் வேண்டாம். வழுக்கினால், அதே டார்க் (முறுக்கு விசை) வைத்து முறுக்கும்போது ஸ்டட்டு அளவுக்கு மீறி இழுபடும். சுத்தமாகத் தேய்த்துக் காய்ந்தபடியே போடுங்கள். பல சமயம் நட்டு வந்துவிடும், ரிம்தான் ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) ஒட்டிக்கொண்டு வராது. ரிம்மின் நடு ஓட்டை உட்காருகிற ஹப் விளிம்பில் மட்டும் மெலிதாக ஒரு பூச்சு போதும். எக்ஸாஸ்ட் நட்டுக்குத் தாராளமாகத் தடவலாம்.